கண்ணாடி இல்லாமல் அவர் பேப்பர் படித்த வாரம்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. அந்த மூன்று வருடமும் நான் அவர் வாயை மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றக் குனிவார். துண்டை நீட்டுகிற சாக்கில் கிட்டே போய் மூச்சை இழுப்பேன். அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்ல மாட்டார். சம்சுச் சாராயம் குடித்த பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொல்லாத பொய் இல்லை. நம்பி நம்பி எனக்குள் ஏதோ தேய்ந்துபோயிருந்தது. கோபம்கூட இல்லை, அலுப்பு.

அப்போது மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அவர் குலை ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினார். நான் தோட்ட வேலையை விட்டுவிட்டு மலாக்காவில் ஒரு மின்சாமான் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் லயத்துப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். விடியுமுன் பேக்டரி பஸ் வந்து ஹார்ன் அடிக்கும். எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்கு அடியில் மயிரிழை மாதிரிக் கம்பிகளைப் பார்த்துச் சொத்தை பொறுக்குவேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கழுத்து பலகையாகிவிடும். வீட்டுக்கு வந்தால் சோறு, துணி, பாத்திரம். எனக்கு யாரையும் உற்றுப் பார்க்கத் தெம்பில்லாத காலம் அது. வாயை மோந்து பார்ப்பதோடு சரி.

அந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இவர் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். குடியை விட்டதற்கு நேர்த்திக்கடன். வேண்டியவர் சும்மா இருந்தாரா? கோயில் சாமான் அறையைத் தானே சுத்தம் செய்வதாகவும் ஏற்றுக்கொண்டார். கோயிலுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அறை அது. சாமிக்குடை, பட்டுத்துணி, அலங்கார வளைவு, அண்டா எல்லாம் அங்கே கிடக்கும். வருடத்தில் ஒருமுறைதான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் எலிகளின் ராஜ்ஜியம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்!

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த அறையைக் கூட்டினார். நானும் கூடப் போயிருக்க வேண்டியவள்தான். அன்றைக்கு எனக்கு வீட்டுக்குத் தூரம். கோயில் பக்கம் போகக் கூடாது என்பதால், காப்பியை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டேன். கதவுக்குள்ளிருந்து தூசி புகை மாதிரி வந்துகொண்டிருந்தது.

"தண்ணி தெளிச்சுக் கூட்டுங்களேன். மூக்குக்குள்ள பூரா போவுது பாருங்க" என்றேன்.

"பட்டுத்துணி நனைஞ்சிடும் புள்ள. பாதி துணி எலி கடிச்சுக் கூடு கட்டி வெச்சிருக்கு. புழுக்கையே ரெண்டு சாக்கு வரும் போல" என்று சொல்லித் தும்மினார். தலைமுடி, மீசையெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. நான் சிரித்தேன்.

கொடியேறி, அவர் வலது கையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கேட்டுக்கு வெளியே இருக்கிற சீனன் கடைக்குக்கூடப் போகக் கூடாது. மீறினால் அவருக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள்.

காப்புக் கட்டின மறுநாளே காய்ச்சல். தலைவலி, கூடவே இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் விலாவுக்குக் கீழே ஒரு வலி. பந்தலுக்கு மூங்கில் தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். தேய்க்க விடவில்லை. கை பட்டாலே துள்ளினார். ஆம்பிளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் லயமே சேர்ந்து முனக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் தெரிந்தது அவர் முகம். நெற்றியிலிருந்து கழுத்து வரை சிவந்து, ஊதி, கண் இரண்டும் ரத்தமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் பார்த்த அதே முகம்.

எதிர் லயத்திலிருந்து அவருடைய அக்கா, என் நாத்தனார், கை காட்டிக் கூப்பிட்டாள். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு அது?" என்றார். முப்பது அடி தூரம் இருக்காது. கூடப் பிறந்த அக்காவைத் தெரியவில்லையாம்! எழுந்து நடந்தவர் வாசல் கால்வாயில் காலை விட்டுத் தடுமாறினார். அப்படியே குந்தி வாந்தி எடுத்தார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

கிட்டே போனேன். மோந்து பார்த்தேன்.

வாடை இல்லை. விபூதி வாசனையும் வேப்பிலை வாசனையும்தான் வந்தது. மனுஷி அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் குடிகாரன் பெண்டாட்டிக்கு வாடை வருவதும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். வேப்பிலையை மென்று மறைத்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

"காப்பக் கட்டிக்கிட்டுமா? உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"என்ன புள்ள சொல்ற?"

"மூஞ்சியப் போயி கண்ணாடில பாருங்க."

"நான் தொடலடி. அம்மா மேல சத்தியமா தொடல."

"அம்மா மேல எத்தன சத்தியம்! எண்ணி எண்ணி அவளுக்கே அலுத்துப் போயிருக்கும்."

அவர் பேப்பரை எடுத்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன், மூக்கில் கண்ணாடி இல்லை. நாற்பத்தைந்து வயதிலிருந்து கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு வரி படிக்க முடியாது. வீட்டில் அதைத் தேடுவதே எனக்குப் பாதி வேலை. இன்றைக்கு வெறும் கண்ணால் பொடி எழுத்தைப் படிக்கிறார்.

"ஓ, பார்வை வேற திரும்பிருச்சா? நல்ல சரக்குதான் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இப்படியெல்லாம் பேசுகிற வாய்தான் என் வாய்.

தூரத்தில் இருப்பது தெரியவில்லை, கிட்டே இருப்பது புதிதாகத் தெரிகிறது. இரண்டையும் என் கண்ணால் ஒரே நாளில் பார்த்தேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் சொத்தை பொறுக்குகிறவள் நான். வீட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் டிரசரிடம் கூட்டிப்போனேன். டிரசர் என்றால் தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுப்பவர். எங்களுக்கு அவர்தான் டாக்டர். இவர் முகத்தைப் பார்த்ததுமே என் பக்கம் திரும்பினார்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டாரா?"

"ஆமாங்க. குடிச்சிருக்காரு" என்றேன்.

அவர் கார்டில் ஏதோ எழுதினார். காய்ச்சல் மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோபமென்று நினைத்தேன். பின்னால்தான் தெரிந்தது, தரை தவிர வேறெதுவும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

நாலாம் நாள் காலையில் நாத்தனார் அவருக்குச் சட்டை மாற்றப் போனவள், "ஐயோ அம்மா!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்குளிலும் நெஞ்சிலும் குண்டூசியால் குத்தின மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்.

"அம்மா வந்துட்டா. வாய வெச்சே இல்ல? காப்புக் கட்டுனவன குடிகாரன்னியே, வந்து எறங்கிட்டா பாரு" என்றாள் நாத்தனார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மை என்றால் அம்மை, தொலையட்டும். நாத்தனார் வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. ஊசி மருந்து கூடாது, அம்மா கோபித்துக்கொள்வாள். உடம்புச் சூடு இறங்க இளநீர் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரான மலாய்க் கம்பத்திலிருந்து யாரோ ஒரு குலை வெட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். நான் காலையில் ஒன்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். பகலில் நாத்தனார் கொடுப்பாள். வந்ததும் நான் இன்னொன்று வெட்டுவேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். "குடிங்க, சூடு எறங்கணும்ல" என்று தலையைத் தூக்கி ஊட்டினேன்.

காய்ச்சல் விட்டது. ஆள் எழுந்துவிடுவார் என்று பார்த்தால், முன்னைவிடத் துவண்டு கிடந்தார். விக்கல் வேறு விடாமல் வந்தது. புள்ளிகளில் நீர் கோக்கவும் இல்லை, முத்து வைக்கவும் இல்லை. இது என்ன அம்மை என்று மனசில் ஓர் உறுத்தல். நாத்தனாரிடம் கேட்டால் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்கும் தெம்பில்லை.

ஆறாம் நாள் வேலையிலிருந்து வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த டின்னை எடுத்தேன். அவரால் பின்புறத்துக் கக்கூசுக்கு நடக்க முடியாததால் பழைய பால்மாவு டின் ஒன்றைச் சிறுநீருக்கு வைத்திருந்தோம். எடுத்தால் கனமில்லை. உள்ளே பார்த்தேன், காய்ந்து கிடந்தது.

"அண்ணி, டின்ன நீங்க கழுவுனீங்களா?"

"நான் எங்க கழுவுனேன்? நீதான வந்து கழுவுற?"

"நேத்து?"

"நேத்தும் நீதான்னு நெனச்சேன்."

நேற்று நான் தொடவே இல்லை. நாத்தனார் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். அவள் என்னை நினைத்துக்கொண்டு விட்டிருக்கிறாள். அடுப்படிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெட்டிப் போட்ட இளநீர்க் கூடு எட்டு கிடந்தது. எட்டு இளநீர் உள்ளே போயிருக்கிறது, இரண்டு நாளாக ஒரு சொட்டு வெளியே வரவில்லை. போன தண்ணியெல்லாம் எங்கே போச்சு?

ஓடிவந்து அவர் போர்வையைத் தூக்கினேன். கணுக்காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. கண் இமை வீங்கியிருந்தது. இது அம்மையுமில்லை, குடியுமில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டுவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே" என்றேன்.

"காப்போடயா? எல்லையத் தாண்டவா? என்ன பேச்சு பேசுற நீ!" நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தம்பி உயிர் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினாள். சத்தம் கேட்டு வந்த கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும், இன்னும் மூன்று நாள்தானே, அவிழ்த்துவிட்டுக் கூட்டிப்போகலாம் என்றார்கள்.

"மூணு நாள் கழிச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கு ஆள் இருக்காது லா" என்று கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

இளநீர் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தேன். அவர் கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தார். இடது கையால் அந்தக் கயிற்றை மூடிக்கொண்டார்.

"அறுக்காத புள்ள."

"விடுங்க."

"இப்ப அறுத்தா நான் குடிச்சேன்னு ஆயிரும். எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. நான் செத்தாலும் பரவால்ல, அறுக்காத."

கெஞ்சினார். உயிர் போகிற நேரத்தில் அந்த மனுஷனுக்கு அதுதான் கவலை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கயிற்றை அறுத்தேன். அவர் அழுதார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எதிர் லயத்துக்காரர் ஒருவர் மட்டும் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மலாக்காவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பார்த்த டாக்டர் ஒரு சீனப் பெண். சின்ன வயதுதான். அவர் மலாயில் கேட்டதை ஒரு தமிழ் நர்ஸ் எனக்குச் சொன்னாள். என் மலாய் பசாரில் மீன் வாங்கத்தான் ஆகும்.

"குடிப்பாரான்னு கேக்குறாங்க."

"மூணு வருஷமா இல்ல. நாலு நாளைக்கு முன்னாடி குடிச்சாரு" என்றேன்.

அந்த நேரத்திலும் அப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் அதோடு விட்டுவிடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்து அண்ணத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே சிவப்புப் புள்ளிகள். விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினார். இவர் அலறினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டார். இவருக்குக் கடிகாரமே தெரியவில்லை.

"எப்பவுமே தூரம் தெரியாதான்னு கேக்குறாங்க."

"ஐயோ இல்ல. டிராக்டர் ஓட்டுறவருங்க. தூரம் நல்லாத் தெரியும். கிட்டக்கத்தான் தெரியாது, கண்ணாடி போடுவாரு." சொல்லிவிட்டு, ஏதோ தோன்ற, "ஆனா இந்த வாரம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிச்சாருங்க" என்றேன்.

நர்ஸ் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்து அவர் கேட்ட ஒரு சொல் எனக்கே புரிந்தது. "தீக்குஸ்?" எலி.

சாமான் அறையைச் சொன்னேன். பட்டுத்துணிக் கூட்டைச் சொன்னேன். தண்ணீர் தெளிக்காமல் கூட்டினதைச் சொன்னேன். டாக்டர் நிதானமாகப் பேசினார், நர்ஸ் துண்டு துண்டாகச் சொன்னாள். எலி மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சில் போயிருக்கலாம். எலியால் வருகிற காய்ச்சலில் ஒன்றிரண்டு வகை உண்டு. ஹந்தா என்று ஒன்று, இங்கே யாரும் அதிகம் பார்த்ததில்லை. அதில் பொடி ரத்தக்குழாயெல்லாம் கசியும். அதனால் முகமும் கண்ணும் சிவக்கும், புள்ளி விழும். கண்ணுக்குள் நீர் கோத்துப் பார்வை மாறிப்போகும், தூரம் மங்கிக் கிட்டே தெரியும். சிறுநீரகம் நின்றுபோகும். ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"பாக்க குடிச்ச ஆளு மாதிரிதான் இருக்குமாம். அதனால நெறைய பேரு ஏமாந்துருவாங்களாம்" என்றாள் நர்ஸ். பிறகு, "சாப்பிட என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"இளநி. எட்டு."

அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. என் தோளைத் தொட்டாள். சிறுநீரகம் நின்றவருக்கு இளநீரில் இருக்கிற உப்பு வெளியேற வழியில்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்று பிறகுதான் சொன்னாள். இன்னும் ஒரு நாள் இளநீர் ஊட்டியிருந்தால் நானே அவரைக் கொன்றிருப்பேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் நாலு தடவை போட்டார்கள். நான் பேக்டரி பஸ்ஸில் மலாக்காவுக்கு வந்து, வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்து, கடைசி பஸ்ஸில் திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அவர் என்னிடம் பேசினார். பசிக்குதா, பஸ் கெடச்சுதா என்று கேட்பார். குடியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. பத்தாம் நாள் போல சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. பிறகு பை பையாகப் போனது. கட்டிலில் தொங்கிய அந்தப் பையைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பேப்பரை முகத்துக்கு நேரே வைத்தார். சற்றுத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்து, கை நீளம் போதாமல், எரிச்சலோடு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி எங்க வெச்ச புள்ள?"

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கண் கெட்டதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோலாலம்பூரிலிருந்து ஹந்தாதான் என்று வந்தது. தோட்டத்துக்குத் திரும்பியபோது திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்திருந்தார்கள். நாத்தனாரிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கயிற்றை அறுத்ததற்கு அவள் என்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, அது வேறு கதை.

அவர் மறுபடி டிராக்டர் ஏறின முதல் நாள். சாயங்காலம் வந்தார். நான் வாசலில் துண்டோடு நின்றேன். கிட்டே போகவில்லை. கையை நீட்டி எட்ட நின்றே கொடுத்தேன். அவர் துண்டை வாங்காமல் என் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து, என் முகத்தில் மெதுவாக ஊதினார்.

"என்னங்க இது?"

"மோந்துக்க."

"வேணாம். விடுங்க."

"பரவால்ல, மோந்துக்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கும் மோந்து பாத்தேல்ல. வாடை அடிச்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் சொன்ன பொய்களுக்குப் பதிலாக நானும் ஒன்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். குனிந்து செருப்பைக் கழற்றினார். துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார்.